தெரியாமல் போன கை

லைல் பிரான்ட்வோல்ட் வட டகோட்டாவில் ஒரு சின்ன ஊரில் முப்பது வருஷத்துக்கும் மேல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒற்றை வண்டித்தடம் போகும். அதன் கடைசியில் ஒரு பண்ணை வீடு, அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு பேருந்தைத் திருப்ப அங்கே இடம் கிடையாது. தடம் முழுக்கப் பனி உறைந்து வழுக்கும், இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்கால். லைல் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே அவ்வளவு தூரத்தையும் ரிவர்ஸில் வந்து பெரிய சாலையில் ஏறுவார். பேருந்தில் ஒருநாளும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஊரில் அவரைப் பற்றிச் சொல்ல வேறு பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. தேவாலயத்தில் பாடச் சொன்னால் சுருதி சேராது. ஏரிக்கு மீன் பிடிக்கப் போனால் வெறுங்கையோடு வருவார். சீட்டாட்டத்தில் அவரை ஜோடியாகச் சேர்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். ஆனால் எவனாவது டிராக்டரைக் கொட்டகைக்குள் விட முடியாமல் திணறினால், "லைலைக் கூப்பிடுப்பா, அவரு கண்ணை மூடிக்கிட்டே பின்னால எடுப்பாரு" என்பார்கள். இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் அவர் தலை நிமிர்ந்து நடந்தார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவரும் மனைவியும் வீட்டை விற்று ஒரு வீட்டுவண்டி வாங்கினார்கள். நீளத்தில் பேருந்து மாதிரிதான். உள்ளே கட்டில், அடுப்படி, உட்கார்ந்து சாப்பிட ஒரு மூலை, கையை நீட்டினால் சுவரில் இடிக்கிற குளியல் அறை. வண்டியை நிறுத்தியதும் பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கச் சுவர் வெளியே நகர்ந்து கூடம் கொஞ்சம் அகலமாகும். குளிர்காலம் வந்தால் ஊரில் பாதிப் பேர் தெற்கே அரிசோனா பாலைவனத்துக்குப் போய்விடுவார்கள். இவர்களும் போனார்கள்.

அவர் மனைவி ஆர்லிஸ் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர். எது தப்பாகப் போனாலும் முதலில் தன்னையே சந்தேகப்படுகிற குணம். பால் திரிந்தால் குளிர்பெட்டியைத் தான் சரியாக மூடவில்லையோ என்பார். கடைக்காரன் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தால் தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்பார். வண்டிக்குள் இருப்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டுவது, தண்ணீர்க் குழாய் மாட்டுவது, கேஸ் நிரப்புவது, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எல்லாம் லைல் வேலை. வண்டியின் ஸ்டியரிங்கை ஆர்லிஸ் தொட்டதே இல்லை. இடத்தில் நிறுத்தும்போது மட்டும் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு பின்னால் போய் நின்று, வரலாம் வரலாம் என்று கை காட்டுவார்.

மூன்று குளிர்காலம் நன்றாகவே போயிற்று. நாலாவது வருஷம், அறுவடை முடிகிற சமயம், ஊர்க்கோடியில் இருந்த தானியக் கிடங்கின் கோபுரம் இடுப்பில் வளைந்து நிற்பதுபோல லைலுக்குத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். வளைந்துதான் இருந்தது. தந்திக் கம்பங்களும் அப்படியே. ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு மங்கல்.

பிஸ்மார்க் நகரத்துக் கண் மருத்துவர் ஒரு இளம் பெண். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது, ஓரத்துப் பார்வை இருக்கும், நடுப் பார்வை போகப்போகக் குறையும், இந்த வகைக்கு வைத்தியம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"பெரிய வண்டி எதையும் இனிமே ஓட்டாதீங்க, மிஸ்டர் பிரான்ட்வோல்ட். கார்கூட வேண்டாம்னுதான் சொல்வேன். வீட்டுல சொல்லிடுவீங்க இல்ல?"

"சொல்றேன்."

ஆர்லிஸ் வெளியே காரில் உட்கார்ந்து அரிசோனாவில் இருக்கிற தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்றார்.

"கண்ணாடிப் பவர் மாறியிருக்காம்."

அவ்வளவு சுலபமாக அது வாயிலிருந்து வந்ததைக் கண்டு அவருக்கே திகைப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் யோசித்தார். வீடு கிடையாது, விற்றாயிற்று. இருக்கிற ஒரே வீட்டுக்குச் சக்கரம் இருக்கிறது, அதை ஓட்ட ஆள் இல்லை. அப்புறம், வண்டி ஓட்டாத லைல் என்கிறவர் யார் என்று அவருக்கே தெரியவில்லை. இந்த ஒரு குளிர்காலம் போய்விட்டு வந்து சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு தவணை வைத்துக்கொண்டார்.

கிளம்பினார்கள். பழகிய சாலைகள்தான். லாரி ஏதாவது முன்னால் போனால் அதன் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டே போவார். "ஆர்லிஸ், சும்மா இருக்கியே, வர்ற பலகை எல்லாம் படியேன், பேச்சுத்துணையா இருக்கும்" என்பார். ஆர்லிஸ் சந்தோஷமாகப் படிப்பார். ஊர்ப் பெயர், மைல், அடுத்த பெட்ரோல் நிலையம், பாலத்தின் உயரம் எல்லாம். கணவர் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேச்சுத்துணை கேட்கிறாரே என்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. கான்ஸஸ் சமவெளியில் வண்டி ஒருமுறை சாலை விளிம்பில் ஏறித் தடதடவென்று அதிர்ந்தது. அலமாரிக் கதவு திறந்து காபிக் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது.

"காத்து" என்றார் லைல்.

"ஆமா, பயங்கரக் காத்து. நீயா இருக்கவே சமாளிச்ச" என்றார் ஆர்லிஸ்.

வெளியே புல் அசையவில்லை. அது லைலுக்குத் தெரியும்.

நியூ மெக்ஸிகோவில் ஓடைக்கரையில் வீட்டுவண்டிகள் நிறுத்துகிற ஒரு முகாம். தெற்கே போகிறவர்கள் ஒரு வாரம் பத்து நாள் தங்கி இளைப்பாறிவிட்டுப் போகிற இடம். அங்கே சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் எல்லோரும் மடக்கு நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தப் படுகிற பாட்டைப் பார்ப்பதுதான் அங்கே பொழுதுபோக்கு. புருஷன் பெண்டாட்டி சண்டை இலவசம். லைலும் முந்தைய வருஷங்களில் அப்படி உட்கார்ந்து பார்த்துச் சிரித்தவர்தான்.

அவருக்குக் கிடைத்த இடம் குறுகலானது. ஒரு பக்கம் பருத்த மரம், மறுபக்கம் ஓக்லஹோமாவிலிருந்து வந்திருந்த ராய்ஸ் டன்லாவி, மேவிஸ் தம்பதியின் வண்டி. அந்த வண்டியின் பக்கவாட்டிலிருந்து துணிப் பந்தல் விரிந்திருந்தது. பந்தலுக்கடியில் மேவிஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதையோ பின்னிக்கொண்டிருந்தார். ராய்ஸ் வாட்டசாட்டமான மனிதர், வாய் நிறையப் பேச்சு.

"வாங்க வாங்க! என்ன உத்தியோகம் பாத்தீங்க?" என்று ஜன்னல் பக்கம் வந்து கேட்டார்.

"ஸ்கூல் பஸ்."

"அப்படிப் போடுங்க! ஏய், இங்க பாருங்கப்பா, நிஜ டிரைவர் வந்திருக்காரு. இன்னைக்கு நமக்கு வேடிக்கை கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லிஸ் ஆரஞ்சுச் சட்டையோடு பின்னால் போய் நின்றார். லைல் கண்ணாடியைப் பார்த்தார். ஆரஞ்சு தெரிந்தது. அதன் ஓரம் தெரிந்தது. நடுவில் கை இருக்க வேண்டிய இடத்தில் அந்த மங்கல். கை மேலே போகிறதா, பக்கவாட்டில் போகிறதா, ஒன்றும் பிடிபடவில்லை. நிறுத்தி, இறங்கி, நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நிஜ டிரைவர் என்று ஒருவர் கூவிவிட்ட பிறகு, இறங்க மனம் வரவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கத்தை நம்பிப் பின்னால் எடுத்தார்.

'படார்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து துணி நீளமாகக் கிழிகிற சத்தம். யாரோ வீரிட்டார்கள்.

இறங்கிப் போனார். ராய்ஸின் பந்தல் இரும்புக்கை முறிந்து, துணி இரண்டாகக் கிழிந்து வண்டிமேல் தொங்கியது. மேவிஸ் உட்கார்ந்திருந்த நாற்காலி லைலின் பின்சக்கரத்துக்கடியில் நசுங்கிக் கிடந்தது. அதில் மேவிஸ் இல்லை. ஐஸ் தேநீர் எடுக்க உள்ளே போயிருந்தவர் இப்போது படியில் ஜாடியோடு நின்றுகொண்டிருந்தார். நூல்கண்டு மட்டும் சக்கரத்துக்கடியிலிருந்து உருண்டு வந்து லைலின் காலடியில் நின்றது.

அவர் பயம் வாய்க்கு வரும்போது கத்தலாக மாறியது.

"எங்க பாத்துக்கிட்டு நின்ன ஆர்லிஸ்? நிறுத்துன்னு ஒரு கையைக் காட்டத் தெரியாதா உனக்கு? இத்தனை வருஷமா இதைத்தானே செய்யற!"

ஆர்லிஸின் இரண்டு கையும் இன்னும் தலைக்கு மேல் குறுக்காக இருந்தன. நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை. மெதுவாகக் கீழே இறக்கினார்.

"நான் காட்டினேனே..." என்றார். பிறகு சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "லேட்டாக் காட்டிட்டேன் போலிருக்கு. மன்னிச்சுக்கோங்க மேவிஸ். மரத்தையே பாத்துட்டு இருந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"அட, விடுங்கம்மா" என்றார் ராய்ஸ். "யாருக்கும் அடிபடலை. பந்தல் போனா வேற பந்தல். டிரைவரே, நீங்களும் கோபப்படாதீங்க. பின்னாடி சம்சாரத்தை நிறுத்தினா நமக்கெல்லாம் இந்தக் கதைதான்."

காப்பீட்டுக்காரர்களிடம் பேசி அது முடிந்தது. ராய்ஸ் அன்று சாயங்காலமே இறைச்சி சுட்டு இவர்களைக் கூப்பிட்டார். ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவருடைய மனைவி வலது என்று சொல்லிக்கொண்டே இடது கையைக் காட்டுவாளாம். இன்னொருவருடைய மனைவி நடுவில் போனை எடுத்துப் பேசப் போய்விட்டாளாம். "நம்ம டிரைவர் வீட்டம்மா பரவாயில்லை, மரத்துக்காவது காவல் நின்னாங்க" என்றார் ராய்ஸ். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லைலும் சிரித்தார். எதிரே பெண்களோடு உட்கார்ந்திருந்த ஆர்லிஸும் சிரிப்பதாகத் தோன்றியது. அவர் முகம் லைலுக்குத் தெரியவில்லை.

வீட்டுவண்டியில் ஒரு சங்கடம் உண்டு. மனம் சரியில்லை என்றால் தள்ளிப்போய் உட்கார இன்னொரு அறை கிடையாது. ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவருக்குக் கேட்கும். ஆர்லிஸ் பெருமூச்சு விடவில்லை. வழக்கம்போல முட்டை பொரித்தார், படுக்கையை மடித்தார், அவருக்கு முன்னால் காபியை வைத்தார். ராத்திரி அவர் தோளைத் தொட்டு, "உனக்குத் தலைகுனிவாப் போச்சு இல்ல?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். லைல் தூங்குவது போலக் கிடந்தார்.

சில நாள் கழித்து ஒரு காலை. கழிவுத் தொட்டியைத் திறந்துவிடுகிற நாள். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கக்கூஸ் தொட்டி, அடுத்துப் பாத்திரம் கழுவின, குளித்த தண்ணீர்த் தொட்டி. பின்னால் வருகிற சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். கையுறை மாட்டிக்கொண்டு அதை முடித்துவிட்டு, குழாயை அலசத் தண்ணீர் தேடிச் சலவைக் கொட்டகைப் பக்கம் போனார் லைல். கொட்டகைக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

மேவிஸ் துணி ஏற்றுகிற தள்ளுவண்டி ஒன்றைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தார். தலையைச் சாய்த்தபோது சற்றுத் தள்ளி ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. ஆர்லிஸ் கைகளை அகல விரித்து, மடக்கி, மறுபடி விரித்து சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"வரலாம்... வரலாம்... உன் பக்கம் கொஞ்சம்... நில்லு!"

"நின்னுட்டேன்" என்றார் மேவிஸ். "நல்லாத்தான் காட்டறீங்க ஆர்லிஸ். எனக்கு ஒரு குறையும் தெரியலை."

"இல்ல, இன்னும் உயரமாத் தூக்கணுமோ? கை சின்னதா இருக்கு எனக்கு. வெள்ளைக் கையுறை வாங்கிப் போட்டுக்கட்டா? ராத்திரி போன்ல வீடியோ பாத்தேன், அதுல ஒரு பொண்ணு அப்படித்தான் போட்டிருந்தா."

"போதும், வாங்க, துணி காஞ்சிருக்கும்."

"இன்னும் ஒரே ஒரு தடவை. முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டின மனுஷன், மேவிஸ். என்னால அவருக்கு இப்படி ஆயிடுச்சு. எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

மேவிஸ் தள்ளுவண்டியை மறுபடி முன்னால் தள்ளிக்கொண்டு போனார். ஆர்லிஸ் தயாராகக் கால் அகட்டி நின்றார். லைல் கையில் நாறுகிற குழாயோடு வந்த வழியே திரும்பினார். தண்ணீர்க் குழாய் எங்கே என்று மறந்து முகாமை முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, குழாயை அலசாமலே பெட்டிக்குள் போட்டு மூடினார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அரிசோனா எல்லையைத் தாண்டி ஒரு முகாமில் இரவுக்கு நிறுத்தினார்கள். நல்ல அகலமான இடம், பக்கத்தில் யாரும் இல்லை. ஆர்லிஸ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பின்னால் நின்று பெரிது பெரிதாகக் கை காட்டினார். லைலுக்கு வெள்ளையாக ஏதோ மின்னுவது மட்டும் ஓரத்தில் பட்டது. குருட்டாம்போக்கில் பின்னால் எடுத்தார். வண்டி கச்சிதமாகப் போய் நின்றது.

ஆர்லிஸ் மூச்சிரைக்க ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"இந்தத் தடவை சரியாக் காட்டினேன் இல்ல? நில்லுன்னதும் நின்னுட்ட பாத்தியா!"

"ஆமா" என்றார் லைல். "நல்லாக் காட்டின."

ஆர்லிஸ் சின்னப் பெண்போலச் சிரித்தது அவர் காதில் விழுந்தது. ராய்ஸின் பந்தலைக் கிழித்தபோதும், அத்தனை பேர் முன்னால் கத்தியபோதும் வராத வெட்கம் இப்போது வந்தது. இருக்கையை விட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அரசாங்க நிலம், வாடகை கிடையாது, தண்ணீரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அவரவர் தொட்டியில் கொண்டுவந்ததுதான். பின்னால் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத வெட்டவெளி. ஆர்லிஸ் பாத்திரம் கழுவ அளவாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். லைல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"ஆர்லிஸ், எனக்கு உன் கை தெரியலை."

"எப்ப?"

"அங்க. பந்தல்கிட்ட. நேத்தும் தெரியலை. வர்ற வழியில ஒரு பலகையும் தெரியலை. பிஸ்மார்க்குல அந்த டாக்டர் பெரிய வண்டி ஓட்டாதேன்னு சொல்லிட்டாங்க. கண்ணாடிப் பவர்னு நான் சொன்னது பொய்."

ஆர்லிஸ் குழாயை மூடினார். திரும்பவில்லை.

"அந்த நாற்காலியில மேவிஸ் உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

லைல் மேசை விளிம்பை விரலால் தடவினார்.

"கான்ஸஸ்ல?"

"காத்து இல்லை."

"நான் பலகை படிச்சுட்டு வந்தேன்" என்றார் ஆர்லிஸ். "உனக்கு என்கூடப் பேசணும்னு ஆசையா இருக்கு போலன்னு நெனச்சுட்டுப் படிச்சேன்." ஈரக் கையைத் துணியில் துடைத்தார். "நான் தள்ளுவண்டியை வச்சுப் பழகினேன் லைல். சலவைக் கொட்டகைக்குப் பின்னாடி. பைத்தியம் மாதிரி."

"தெரியும். பாத்தேன்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆர்லிஸ் அப்போதுதான் திரும்பினார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று லைலுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

"பாத்துமா நேத்து என்னை நிக்க வச்ச? பாத்துமா 'நல்லாக் காட்டின'ன்னு சொன்ன?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அந்த நிலத்தில் மரம் கிடையாது, மறைவு கிடையாது. கோபித்துக்கொண்டு போகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் தெரியும். லைல் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தலையைத் திருப்பிக்கொண்டு, சின்னப் புள்ளியாக ஆர்லிஸ் புதர்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்தார். பின்னால் போகலாமா என்று நினைத்தார். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் அந்தப் புள்ளி திரும்பி வர ஆரம்பித்தது. போக வேறு இடமும் இல்லையே.

ஆர்லிஸ் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு நேரே முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கையை முன்னுக்கு இழுத்தார், பக்கக் கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.

"சாவி."

லைல் கொடுத்தார்.

"நான் கேட்டா மட்டும் பதில் சொல்லு. நீயா எதுவும் பேசாத."

அந்த வெட்டவெளியில் ஆர்லிஸ் வண்டி பழகினார். பிரேக்கை அழுத்தினால் அலமாரிக் கதவெல்லாம் திறந்து தட்டுகள் பறந்தன. ஒரு புதர்மேல் ஏற்றி, இறங்கிப் போய் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வளைவில் பின்பக்கம் எவ்வளவு வெளியே வீசும் என்று கேட்டார், லைல் சொன்னார். மலை இறக்கத்தில் கியரை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார், சொன்னார். வேறு பேச்சு கிடையாது. பின்னால் எடுக்கும்போது ஆர்லிஸ் யாரையும் நிற்க வைக்கவில்லை. நிறுத்துவார், இறங்குவார், சுற்றி நடந்து பார்ப்பார், ஏறுவார், ஓரடி எடுப்பார், மறுபடி இறங்குவார். நிஜ டிரைவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். வண்டியில் ஒரு கீறல் விழவில்லை.

தட்டு கழுவுவது, படுக்கை மடிப்பது, காபி போடுவது எல்லாம் இப்போது லைல் கைக்கு வந்தன. முட்டை பொரிக்கும்போது மஞ்சள் கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உடைந்துபோகும். ஆர்லிஸ் அதை அப்படியே சாப்பிட்டார்.

ராய்ஸுக்கு போன் பண்ணச் சொல்லி ஆர்லிஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லைலுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு தானாகவே போனை எடுத்தார். எண் கண்ணுக்குத் தெரியாமல் தடுமாறினார். ஆர்லிஸ் வாங்கி, எண்ணைப் போட்டு, திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"டிரைவரே! எப்படி இருக்கீங்க? வீட்டம்மா இப்பவாச்சும் கை காட்டறாங்களா?"

லைல் சொன்னார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கண் தெரியாமல்தான் வண்டியை எடுத்தது, ஆர்லிஸ் சரியாகத்தான் கை காட்டியது, தெரிந்தேதான் அவர்மேல் பழியைப் போட்டது.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"மேவிஸ் அப்பதான் எந்திரிச்சுப் போனா" என்றார் ராய்ஸ். குரல் மாறியிருந்தது. "தேநீர் வேணும்னு நான்தான் கேட்டேன். கேக்கலைன்னா அவ அங்கதான் உக்காந்திருப்பா."

"தெரியும்."

"நெருப்பு பக்கத்துல உக்காந்து நான் உங்க சம்சாரத்தைக் கேலி பண்ணினேன். நீங்களும் சிரிச்சீங்க."

"ஆமா."

"சரி, மிஸ்டர் பிரான்ட்வோல்ட்" என்றார் ராய்ஸ். அதன்பிறகு அவர் டிரைவரே என்று கூப்பிடவே இல்லை. "மேவிஸ் உங்க வீட்டம்மாகூடப் பேசணுமாம். குடுங்க."

ஆர்லிஸ் போனை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசினார். நடுவில் ஒருமுறை அழுதார், ஒருமுறை சிரித்தார். லைலுக்கு இரண்டும் கேட்டன. எதற்கு என்று தெரியவில்லை.

வசந்தத்தில் வடக்கே திரும்பும்போது ஆர்லிஸ்தான் ஓட்டினார். லைல் ஓட்டுநருக்கு வலது பக்க இருக்கையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்து வந்தார். டீசல் நிரப்புகிற இடங்களில் ஆண்கள் விசாரிப்பார்கள். "என்ன பெரியவரே, சம்சாரம் கையில வண்டியைக் குடுத்துட்டீங்க? தைரியம்தான்!" முதல் இரண்டு இடத்தில் அவர் தலையை ஆட்டிச் சிரித்துச் சமாளித்தார். மூன்றாவது இடத்தில், "எனக்குக் கண்ணு தெரியாது" என்றார். கேட்டவர் குரல் இறங்கி, "அடடா, மன்னிக்கணும்" என்று நகர்ந்துவிட்டார். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்தார். ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் பேருந்து ஓட்டின லைல் அங்கேயே எண்ணெய்க் கறைமேல் நின்றுவிட, வேறொரு கிழவர் ஏறி வலது பக்கம் உட்காருவது போல இருந்தது.

வயோமிங்கில் நிஜமாகவே காற்று பிடித்தது. வண்டி தொட்டில்போல ஆடியது. எதிரே வந்த லாரி கடந்துபோனபோது பக்கத்து வழிக்கே தள்ளிவிட்டது. ஆர்லிஸ் அடுத்த ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"நீயா இருந்தா ஓட்டியிருப்ப" என்றார்.

"ஓட்டியிருப்பேன். தப்பாத்தான் இருந்திருக்கும்."

லைல் எழுந்து தக்காளி சூப் டின்னைத் திறந்து சூடாக்கினார். அடுப்பு ஆடியதால் பாத்திரத்தைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார். இருவரும் பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிட்டார்கள். மணல் ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது.

"என்னைப் பாத்தா என்ன தெரியுது உனக்கு?" என்று ஆர்லிஸ் திடீரென்று கேட்டார். அந்தப் பேச்சை அதுவரை எடுத்ததே இல்லை.

"முடி தெரியுது. தோள் தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்லை."

"மூஞ்சி?"

"நேரா பாத்தா இல்லை. சாய்ச்சுப் பாத்தா வரும்."

"அப்ப சாய்ச்சுப் பாரு."

லைல் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணுக்கு ஆர்லிஸைக் கொண்டுவந்தார். மங்கலாக, ஆனால் முழுசாக முகம் வந்தது. குளிர்காலம் முழுக்க அவர் அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து தவிர்த்திருந்தார். வெயிலில் கறுத்திருந்தது. கன்னம் இறங்கியிருந்தது. ஆர்லிஸ் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் தணிந்திருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். தணியவில்லை. அது அங்கேயே உட்கார்ந்திருந்தது, கூடவே களைப்பும், வேறு ஏதோ ஒன்றும்.

லைல்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டார்.

"சூப்புல உப்பு ஜாஸ்தி" என்றார் ஆர்லிஸ்.

சாயங்காலம் காற்று அடங்கியது. லைல் கிண்ணங்களைத் தடவித் தடவிக் கழுவி அலமாரியில் வைத்து, கதவுகள் எல்லாம் பூட்டியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஆர்லிஸ் வண்டியைச் சுற்றி நடந்து டயர்களைப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

"பூட்டிட்டியா?"

"பூட்டிட்டேன்."

ஆர்லிஸ் எழுந்து போய்த் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் வண்டியைக் கிளப்பினார்.